உறக்க நிலையிலிருந்து எழுப்பினால் மடிக்கணினித் திரை இருட்டாகவே இருக்கிறது: மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள், உண்மைதானா?

பாசிக்கணக்கு, மண்டபம்

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் எங்கள் மகளிர் குழுவின் கடற்பாசிக் கணக்கை நான் எழுதிவருகிறேன். எந்த நாளில் யாருடைய மிதவையிலிருந்து எவ்வளவு பாசி எடுக்கப்பட்டது, காய்ந்த பிறகு எடை எவ்வளவு நின்றது, கொள்முதல் செய்பவரிடமிருந்து எவ்வளவு வரவு வந்தது என்பதெல்லாம் ஒரே ஒரு மடிக்கணினியில்தான் இருக்கிறது. அதை வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. விண்டோஸ் 11, 8 ஜிபி நினைவகம், 15.6 அங்குலத் திரை. இதுவரை ஒரு முறைகூடக் கீழே விழுந்ததில்லை, தண்ணீர் பட்டதும் இல்லை.

வேலைக்கு நடுவே எழ வேண்டியிருந்தால் மூடியை மூடிவிட்டுப் போவது என் வழக்கம். அப்போது கணினி உறக்க நிலைக்குச் சென்றுவிடும். கடந்த இரண்டு மாதங்களாக, திரும்பி வந்து மூடியைத் திறந்தால் பவர் விளக்கு எரிகிறது, விசிறி ஓடும் ஓசை கேட்கிறது, விசைப்பலகைக்கு அடியில் உள்ள வெளிச்சமும் வருகிறது. திரை மட்டும் அணைத்து வைத்த அடுப்பைப் போல இருண்டு கிடக்கிறது. எந்த விசையை அழுத்தினாலும் பயனில்லை. கடைசியில் பவர் பொத்தானைப் பத்து விநாடிகள் அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடியும் போட்டால் திரை வந்துவிடுகிறது. ஆனால் சேமிக்காமல் விட்ட கணக்கு போய்விடுகிறது. சென்ற வாரம் பதினெட்டுப் பேருடைய எடையை இரண்டாவது முறை உட்கார்ந்து எழுதினேன்.

தொடக்கத்தில் வாரத்துக்கு ஒரு முறை நிகழ்ந்தது இப்போது அநேகமாக நாள்தோறும் நிகழ்கிறது. காலை வேளையில்தான் மிகுதி. நகரத்தில் ஒரு கடையில் காட்டினேன். அவர்கள் திறந்துகூடப் பார்க்காமல், மதர்போர்டு பழுது, மாற்றுவதற்கு 16,000 ரூபாய் ஆகும் என்று கூறிவிட்டார்கள். அந்தத் தொகைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பழைய கணினி ஒன்றையே வாங்கிவிடலாம். டிஸ்ப்ளே டிரைவரை (திரையை இயக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவியும் பார்த்துவிட்டேன். மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடுகிறது என்பதால் இது மென்பொருள் கோளாறாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

தொண்டிக்காரன்

சகோதரி, என் அண்ணனுடைய கணினியிலும் இதே போல வந்தது. ஒரு நாள் முழுவதும் அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்துவிட்டு, மறுநாள் மாடியில் வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தோம். அதற்குப் பிறகு பத்து நாட்கள் நன்றாக ஓடியது.

பழுதுபார்ப்பவன், இராமநாதபுரம்

முதலில் தொண்டி நண்பருக்கு ஒரு வார்த்தை. வெயிலில் காயவைப்பது கருவாட்டுக்கு ஏற்றது, கணினிக்கு ஏற்றதன்று. பேட்டரியும் திரையின் உள்ளே உள்ள படலங்களும் அந்தச் சூட்டைத் தாங்கமாட்டா. அரிசியில் உள்ள தவிட்டுத் தூள் விசிறிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்து நாட்கள் ஓடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதினோராம் நாள் என்ன ஆயிற்று என்பதையும் எழுதியிருக்கலாம்.

அம்மா, உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். திரை இருட்டாக இருக்கிறது என்ற ஒரே அடையாளத்துக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நிலைமைகள் இருக்கக்கூடும். கணினியே விழித்துக்கொள்ளாமல் இருக்கலாம். கணினி விழித்தும் படத்தைத் திரைக்கு அனுப்பாமல் இருக்கலாம். படம் வந்து சேர்ந்தும் அதன் பின்னால் எரிய வேண்டிய வெளிச்சம் எரியாமல் இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் டிரைவரை மாற்றுவதும் போர்டை மாற்றுவதும் இருட்டில் கல்லெறிவதுதான். எனவே அடுத்த முறை திரை இருண்டவுடன் பவர் பொத்தானைத் தொடாமல் கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள்.

கேப்ஸ் லாக் விசையை அழுத்தி அதன் விளக்கு மாறிமாறி எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் கணினி விழித்துவிட்டது என்று கொள்ளலாம். பிறகு விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். இது டிஸ்ப்ளே டிரைவரை மட்டும் புதிதாகத் தொடங்க வைக்கும். ஒரு சிறிய பீப் ஒலி கேட்கும். திறந்திருக்கும் கோப்புகளுக்கு இதனால் எந்தப் பாதிப்பும் வராது. அதற்கும் திரை வராவிட்டால், அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சற்றே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கடிகார எண்களோ கடவுச்சொல் கட்டமோ மங்கலாகத் தெரிகிறதா என்று நிதானமாகத் தேட வேண்டும். கூடவே, வீட்டுத் தொலைக்காட்சியுடன் எச்டிஎம்ஐ கம்பியால் இணைத்து, அதில் படம் வருகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

கணக்கைக் காப்பாற்றவும் வழி உண்டு. கணினி விழித்திருக்கிறது என்பது உறுதியானால், பார்க்காமலே எண்டர் விசையை அழுத்தி, உங்கள் பின் எண்ணைத் தட்டி, சில விநாடிகள் பொறுத்து, கண்ட்ரோலுடன் எஸ் விசையை அழுத்துங்கள். மூடுவதற்கு முன் எக்செல் முன்னால் இருந்திருந்தால் கோப்பு சேமிக்கப்பட்டுவிடும். அதன் பிறகு விண்டோஸுடன் எக்ஸ், அடுத்து யூ, மறுபடியும் யூ என்று வரிசையாக அழுத்தினால் கணினி முறைப்படி அணைந்துவிடும். பொத்தானைப் பிடித்து அணைப்பதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வேதியியல் வாத்தியார், கீழக்கரை

மேலே சொல்லப்பட்ட மூன்று நிலைமைகளில் முதலாவதில் நான் ஓராண்டு அகப்பட்டுக் கிடந்தேன் என்பதால் அதைப் பதிவு செய்கிறேன். என்னுடையது லினக்ஸ் நிறுவிய மடிக்கணினி. மூடியைத் திறந்தால் பவர் விளக்கு எரியும். ஆனால் கேப்ஸ் லாக் விளக்கு அசையாது. டார்ச் அடித்தாலும் திரையில் ஒன்றும் தெரியாது. தொலைக்காட்சியிலும் படம் வராது. அதாவது இயந்திரமே பாதி வழியில் நின்றுவிட்டது.

பழைய மடிக்கணினிகளில் எஸ்3 என்ற உறக்கம் இருந்தது. நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு மற்றவற்றை அது அணைத்துவிடும். அண்மைக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் அதற்குப் பதிலாக எஸ்0 வகைக் காத்திருப்பு நிலைதான் இருக்கிறது. இதில் கணினி முழுமையாக உறங்குவதில்லை. கோழித் தூக்கம் தூங்குகிறது. எழும்போது ஒவ்வொரு உறுப்பின் டிரைவரும் தன் பங்கைச் சரியாகச் செய்தாக வேண்டும். ஒன்று பிசகினாலும் திரை வராது. என் கணினி இரண்டு வகைகளையும் ஏற்கும் என்பதால், கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, தொடங்கும்போது கொடுக்கும் அளவுருக்களில் உறக்க வகையை டீப் என்று மாற்றியதும் சிக்கல் ஒழிந்தது. விண்டோஸில் எந்த வகை இருக்கிறது என்று பார்க்க, கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் ஏ சேர்த்து (powercfg /a) எண்டர் அழுத்தினால் பட்டியல் வரும்.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் கொடுத்து அணைப்பது முழுமையான அணைப்பு ஆகாது. கர்னலின் நிலையை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்து விரித்துக்கொள்ளும். பழைய டிரைவர் பிசகும் அதனுடனே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

பாசிக்கணக்கு, மண்டபம்

ஐயா இருவருக்கும் நன்றி. இன்று காலையிலேயே திரை இருண்டது; வாழ்க்கையில் முதல் முறையாக அதைக் கண்டு மகிழ்ந்தேன். கேப்ஸ் லாக் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தது. நான்கு விசைகளை அழுத்தியபோது பீப் ஒலி கேட்டது, ஆனால் திரை வரவில்லை. கதவை அடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது, பூட்டுத் திரையில் இருக்கும் படமும் மணியும் மிக மங்கலாக, குளத்தின் அடியில் கிடக்கும் காசைப் போலத் தெரிந்தன. தொலைக்காட்சியில் இணைத்தால் படம் பளிச்சென்று வருகிறது. பார்க்காமலே பின் எண்ணைத் தட்டிச் சேமித்ததில் கணக்கும் தப்பியது.

ஒரு செய்தியை முதல் பதிவில் நான் சரியாகச் சொல்லவில்லை. மறுதொடக்கம் செய்தால் வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தேன். உண்மையில் எல்லா முறையும் அப்படி வருவதில்லை. சில நாட்களில் இரண்டு மூன்று முறை போட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. அப்படிச் செய்யும்போதெல்லாம் பொறுமையிழந்து மூடியை முன்னும் பின்னும் ஆட்டியிருக்கிறேன் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

பழுதுபார்ப்பவன், இராமநாதபுரம்

அந்தக் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது, அம்மா. படம் திரை வரை வந்து சேர்கிறது என்பதால் செயலி, நினைவகம், டிரைவர் ஆகிய மூன்றையும் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடலாம். இருண்டிருப்பது பின்னொளி மட்டுமே. பின்னொளி ஏன் அணைகிறது என்பதற்கு இன்னும் இரண்டு சோதனைகள் தேவை. அவற்றை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

மூடியைத் தொடவே வேண்டாம். ஸ்டார்ட் பட்டியலில் பவர் பகுதிக்குச் சென்று ஸ்லீப் கொடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒரு விசையை அழுத்தி எழுப்புங்கள். இப்படிப் பத்து முறை செய்து, எத்தனை முறை இருண்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டாவது சோதனையில் உறக்கமே கூடாது. கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பை டூ நத்திங் என்று மாற்றிவிட்டு, திரை எரிந்துகொண்டிருக்கும்போதே மூடியை மிக மெதுவாகச் சாய்த்துக்கொண்டு வாருங்கள். எந்தச் சாய்வில் வெளிச்சம் நடுங்குகிறது அல்லது போகிறது என்று கவனியுங்கள்.

நான் சந்தேகிப்பது இதைத்தான்: நீங்கள் உறக்கத்தின் மேல் பழி போடுகிறீர்கள், ஆனால் உறக்கமும் மூடியை மூடுவதும் உங்கள் வழக்கத்தில் ஒரே சமயத்தில் நிகழ்கின்றன. போர்டிலிருந்து திரைக்குப் போகும் கேபிள், கீலின் வழியாக வளைந்து செல்கிறது. ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் அது மடிந்து நிமிர்கிறது. இந்த அளவுத் திரைகளில் அந்தக் கேபிளின் முனையில் பெரும்பாலும் 30 ஊசிகள் இருக்கும். படத்தைக் கொண்டுசெல்பவை வேறு, பின்னொளிக்கு மின்சாரமும் கட்டளையும் கொண்டுசெல்பவை வேறு. பின்னொளிக்கான இழைகள் மட்டும் நைந்துபோனாலோ, அந்த ஊசிகளில் மட்டும் உப்புப் பூத்தாலோ, நீங்கள் டார்ச் வெளிச்சத்தில் கண்ட காட்சிதான் கிடைக்கும்.

மூடியைக் கண்டறியும் காந்த உணரி தவறாக வேலை செய்தாலும் திரை இருளும். ஆனால் அது மூடி அநேகமாக மூடப்பட்ட நிலையில்தான் செயல்படும். அது செயல்பட்டால் மங்கலான படமும் மிஞ்சாது. உங்களுடையது அந்த வகையாகத் தெரியவில்லை.

பாசிக்கணக்கு, மண்டபம்

நேற்றும் இன்றும் இரண்டையும் செய்துவிட்டேன். மூடியைத் தொடாமல் பத்து முறை உறங்கவைத்து எழுப்பினேன். பத்து முறையும் திரை வந்தது. இரண்டாவது சோதனையில், மூடிக்கும் விசைப்பலகைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும்போதே வெளிச்சம் இரண்டு முறை துடித்து அணைந்துவிட்டது. நிமிர்த்தியபோது திரும்பி வரவில்லை. இடப்பக்கக் கீலுக்கு அருகே மூடியை லேசாக அழுத்தினால் ஒரு கணம் மின்னுகிறது. இரண்டு மாதங்களாக உறக்கத்தைக் குறை கூறிக்கொண்டிருந்தது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஏன் காலையில் மட்டும் மிகுதியாக நிகழ்கிறது? கேபிள் நைந்திருந்தால் எந்த நேரமும் ஒன்றுதானே?

வேதியியல் வாத்தியார், கீழக்கரை

அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லலாம். சாதாரண உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. சமையலறையில் உப்புச் சாடி மழைக்காலத்தில் கசிந்து நிற்பதை எல்லாரும் பார்த்திருப்போம். மண்டபத்தில் வடகடலும் தென்கடலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அலை தெறிக்கும்போது எழும் நுண்ணிய துளிகள் காய்ந்து உப்புத் தூளாகி, விசிறி இழுக்கும் காற்றோடு கணினிக்குள் போய்ப் படிகின்றன. இரவிலும் விடியற்காலையிலும், அதுவும் வாடைக்காற்று வீசும் இந்த மாதங்களில், ஈரப்பதம் உயர்ந்தவுடன் அந்தத் தூள் உப்பு நீராக மாறுகிறது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் அரிக்கும். நண்பகலில் அது மீண்டும் உலர்ந்துவிடுவதால், காலையில் வந்த நோய் மதியம் மறைந்தது போலத் தெரிகிறது. கணினிக்குத் தண்ணீர் படவில்லை என்று நீங்கள் எழுதியது உண்மைதான். ஆனால் நம் கரையில் தண்ணீர் காற்றாகவே வருகிறது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்த வைத்ததும் இதே அரிப்புதான். அந்த இரும்போடு ஒப்பிட்டால் கேபிள் ஊசியின் செம்பு எம்மாத்திரம்?

பழுதுபார்க்கும் நண்பருக்கும் ஒரு வேண்டுகோள். கடைகளில் ஊசிகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு மட்டும் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். தூய ஆல்கஹாலில் உப்பு மிக அரிதாகவே கரையும். துடைத்தால் அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும், அவ்வளவுதான். முதலில் காய்ச்சி வடித்த நீரில் தோய்த்த மென்தூரிகையால் உப்பைக் கரைத்து எடுத்துவிட்டு, பிறகு அந்த நீரை விரட்டுவதற்காக ஆல்கஹாலைப் பயன்படுத்த வேண்டும்.

பழுதுபார்ப்பவன், இராமநாதபுரம்

வாத்தியார் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நானும் ஆல்கஹாலை மட்டும் பயன்படுத்திக்கொண்டிருந்தவன்தான். சில வேலைகள் ஏன் மூன்று மாதத்தில் திரும்பி வந்தன என்பது இப்போது விளங்குகிறது.

அம்மா, யாரிடம் கொடுத்தாலும் ஒன்றை வற்புறுத்திச் சொல்லுங்கள். அடிப்பலகையைக் கழற்றியவுடன் முதல் வேலையாகப் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகே திரைக் கேபிளைத் தொட வேண்டும். பின்னொளிக்கான மின்சாரம் அந்த முனையில் காத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி இணைந்திருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால், பக்கத்து ஊசியில் உரசி, போர்டில் உள்ள பின்னொளி ஃபியூஸ் போய்விடும். கேபிள் பழுதாக வந்த கணினி போர்டு பழுதாகத் திரும்பிப் போவது பெரும்பாலும் இப்படித்தான். ஒருவேளை ஃபியூஸ் ஏற்கனவே போயிருந்தால் பின்னொளி எப்போதுமே எரியாது. உங்களுடையது விட்டு விட்டு எரிவதால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. எனவே கேபிள் மாற்றும் வரை மூடியை மூடாமல், ஒரே சாய்வில் வைத்துப் பயன்படுத்துங்கள். மூட நேர்ந்தால் முழுமையாக அணைத்துவிட்டு மூடுங்கள்.

கேபிள் வாங்கும்போது கணினியின் மாதிரி எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே மாதிரி எண்ணுக்குள் 30 ஊசித் திரையும் 40 ஊசித் திரையும் வருவதுண்டு. பழைய கேபிளில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டில் உள்ள பாக எண்ணைப் பார்த்து அதையே கேட்டு வாங்க வேண்டும்.

பாசிக்கணக்கு, மண்டபம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முன்பு காட்டிய கடைக்குப் போகாமல், இன்னொருவரிடம் கொடுத்தேன். பேட்டரியை முதலில் கழற்றுங்கள் என்று நான் சொன்னபோது அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இதற்கு முன் எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்டார். கேபிளைப் பாக எண் பார்த்து வரவழைக்க எட்டு நாட்கள் ஆயின. கேபிள் 950 ரூபாய், கூலி 400 ரூபாய். போர்டு பக்கத்து முனையில் நான்கைந்து ஊசிகளில் பச்சையாகப் பூத்திருந்தது. வாத்தியார் சொன்ன முறையிலேயே கழுவித் துடைத்துக் கொடுத்தார். கீலுக்குள் இருந்த பகுதியில் இரண்டு இழைகளின் உறை பிய்ந்திருந்ததையும் காட்டினார்.

அன்றிலிருந்து ஒரு நாளும் திரை இருளவில்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்கும் மூடித் திறந்து பார்த்துவிட்டேன். இரவில் ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் பெட்டியில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் கணினியை வைக்கிறேன். ஒன்பது நாட்களிலேயே நீல மணிகள் வெளிறிப் பாதி இளஞ்சிவப்பாகிவிட்டன. வாத்தியார் ஐயா, அவற்றை வாணலியில் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாமா?

வேதியியல் வாத்தியார், கீழக்கரை

பயன்படுத்தலாம். பொட்டலத்தைப் பிரித்து மணிகளை மட்டும் கொட்டி, சிறு தீயில் நீலம் திரும்பும் வரை வைத்தால் போதும், கருகவிட வேண்டாம். அந்த நீல நிறம் கோபால்ட் உப்பினால் வருவது, நஞ்சு. ஆகவே சமைக்கும் வாணலியை எடுக்காமல் இதற்கென்று ஒரு பழைய தகரத் தட்டை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். சூடாக்கும்போது சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

தொண்டிக்காரன்

என் அண்ணனின் கணினியையும் டார்ச் அடித்துப் பார்த்தோம். மங்கலாகக்கூட ஒன்றும் தெரியவில்லை, கேப்ஸ் லாக் விளக்கும் எரியவில்லை. விசிறியைத் திறந்தால் உள்ளே நாற்பது ஐம்பது அரிசி மணிகள் இருக்கின்றன. இதைத் தனிக் கேள்வியாகப் போடுகிறேன்.